இரண்டு புள்ளி கொடுத்தால் நேர்க்கோட்டின் சமன்பாட்டை எப்படி எடுப்பது?

மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆயத்தொலை வடிவியல் பாடம் வந்ததும் ஒவ்வொரு வருடமும் அதே காட்சிதான். இரு புள்ளி வடிவம் என்று புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிற சூத்திரத்தை ராத்திரி உட்கார்ந்து உருப்போட்டுவிட்டு வருவார்கள், காலையில் எழுதச் சொன்னால் எந்த ஒய் எந்த எக்ஸுக்கு மேலே வரும், ஒன்று எங்கே இரண்டு எங்கே என்று குழம்பி நிற்பார்கள். அது அவர்களுடைய தப்பில்லை. அந்தச் சூத்திரத்தில் ஆறு எழுத்துகள் இருக்கின்றன, அதில் நாலுக்குக் காலடியில் எண் வேறு. அர்த்தம் புரியாமல் அதை ஞாபகம் வைத்துக்கொள்வது யாருக்கும் கஷ்டம்தான்.

அதனால் நான் சொல்லிக்கொடுக்கிற வழியை இங்கே எழுதுகிறேன். சாய்வைக் கண்டுபிடி, ஒரு புள்ளியைப் போட்டுச் சமன்பாட்டை எழுது, மற்ற புள்ளியைப் போட்டுச் சரிபார். இவ்வளவுதான். (முழுக்கத் தமிழில் எழுதுவதால் எக்ஸ், ஒய் என்று போடுகிறேன். நோட்டில் நீங்கள் வழக்கமான எழுத்துகளையே போடுங்கள்.)

முதலில் சாய்வு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகிற மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி, 46 கிலோமீட்டர் ஓடி, 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. அதாவது 46,000 மீட்டர் ஓட்டத்துக்கு 1,877 மீட்டர் ஏற்றம். வகுத்துப் பார்த்தால் சுமார் 0.041 வரும், ஏறக்குறைய 24 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் சாய்வு. மேலே எவ்வளவு போனோம் என்பதைப் பக்கவாட்டில் எவ்வளவு போனோம் என்பதால் வகுப்பது. (தண்டவாளத்தின் நீளமும் கிடைமட்டத் தூரமும் ஒன்றில்லை என்று கேட்பவர்களுக்கு: உண்மைதான், ஆனால் இவ்வளவு சின்ன சாய்வில் வித்தியாசம் மிகக் குறைவு.) இலங்கையில் படிக்கிற பிள்ளைகள் இதைப் படித்திறன் என்பார்கள். பெயர்தான் வேறு, கணக்கு அதேதான்.

இப்போது நேர்க்கோட்டுக்கு வருவோம். ஒரு கோடு நேராக இருக்கிறது என்றால் அதன் மேல் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் இடையில் உள்ள சாய்வு ஒரே எண்தான். கோட்டின் இந்த முனையில் இரண்டு எடுங்கள், நடுவில் இரண்டு எடுங்கள், ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கிற இரண்டு எடுங்கள், மாறாது. மாறினால் அது வளைந்த கோடு. இந்த ஒரு வரியை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள், சூத்திரம் தன்னால் வரும்.

சரி, சுலபமான கணக்கு ஒன்று. (2, 3), (5, 9) என்று இரண்டு புள்ளிகள். ஒய் 3லிருந்து 9க்குப் போயிருக்கிறது, 6 ஏற்றம். எக்ஸ் 2லிருந்து 5க்குப் போயிருக்கிறது, 3 ஓட்டம். சாய்வு 6/3, அதாவது 2.

அடுத்து, இந்தக் கோட்டின் மேல் எங்கேயோ ஒரு புள்ளி இருக்கிறது, எங்கே என்று தெரியாது, அதனால் (எக்ஸ், ஒய்) என்று பேர் வைத்துவிடுகிறோம். அது இந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்றால் அதற்கும் (2, 3)க்கும் இடையிலும் சாய்வு 2 ஆகத்தானே இருக்க வேண்டும்? அதையே எழுதிவிடுங்கள்:

(ஒய் − 3) / (எக்ஸ் − 2) = 2

கீழே இருப்பதை அந்தப் பக்கம் கொண்டுபோனால்:

ஒய் − 3 = 2 (எக்ஸ் − 2)
ஒய் − 3 = 2எக்ஸ் − 4
ஒய் = 2எக்ஸ் − 1

முடிந்தது. இதுதான் சமன்பாடு. சமன்பாடு என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது கோட்டுக்குள் நுழைய ஒரு நிபந்தனை, வேறொன்றுமில்லை. எந்தப் புள்ளியையும் கொண்டுவந்து இதில் போடலாம். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் அந்தப் புள்ளி கோட்டில் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. (10, 19)ஐப் போடுங்கள், 2 × 10 − 1 = 19, இருக்கிறது. (10, 20)ஐப் போடுங்கள், இல்லை. கோடு முழுக்க எண்ணில்லாத புள்ளிகள் இருக்க, அவ்வளவையும் ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறதே, அதுதான் எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த விஷயம். 1637இல் ரெனே தெகார்த் வடிவியலையும் இயற்கணிதத்தையும் இப்படி ஒன்றுசேர்த்து வெளியிட்டார், அதே காலத்தில் பியர் தெ ஃபெர்மாவும் தனியாக இதே எண்ணத்துக்கு வந்திருந்தார்.

கடைசிப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நாம் சமன்பாடு எழுதும்போது (2, 3)ஐப் பயன்படுத்தினோம், அதனால் சரிபார்க்க மற்றதை, (5, 9)ஐ, போட வேண்டும். 2 × 5 − 1 = 9. சரி. பயன்படுத்திய புள்ளியையே போட்டுப் பார்த்தால், சாய்வைத் தப்பாகக் கண்டுபிடித்திருந்தாலும் சரியாகத்தான் வரும், ஏனென்றால் எந்தச் சாய்வை வைத்து எழுதினாலும் அந்தப் புள்ளி வழியாகத்தான் கோடு போகும். இதைக் கவனிக்காமல் சரிபார்த்துவிட்டேன் சார் என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து விநாடி வேலை, ஆனால் சரியான புள்ளியை வைத்துச் செய்தால்தான் பலன்.

மைனஸ் வரும் கணக்குகளில்தான் நிஜமான தொல்லை. (−3, 5), (4, −1) என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். இங்கே நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று: எண்ணைப் போடும்போது அடைப்புக்குறியோடு போடுங்கள், மனசுக்குள் சுருக்காதீர்கள்.

சாய்வு = (−1 − 5) / (4 − (−3)) = −6/7

கீழே 4 − (−3) என்று முழுசாக எழுதியதால்தான் 7 வந்தது. அவசரத்தில் 4 − 3 என்று எழுதி 1 ஆக்கிவிட்டால் அதற்கப்புறம் எவ்வளவு ஒழுங்காகப் போட்டாலும் விடை தப்புதான். இன்னொன்று, எந்தப் புள்ளியை முதலில் எடுப்பது என்று கேட்பார்கள். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் மேலே எந்தப் புள்ளியிலிருந்து கழிக்க ஆரம்பித்தீர்களோ கீழேயும் அதே புள்ளியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மாற்றி எடுத்துப் பார்க்கலாம்: (5 − (−1)) / (−3 − 4) = 6/(−7), அதே −6/7. மேலே ஒரு வரிசை, கீழே வேறு வரிசை என்று போட்டால் குறி மட்டும் தலைகீழாகிவிடும், இறங்க வேண்டிய கோடு ஏறும். அதனால் சாய்வு வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, மனதில் இரண்டு புள்ளிகளையும் வைத்துப் பாருங்கள். இடமிருந்து வலமாகப் போகும்போது 5லிருந்து −1க்கு இறங்குகிறது, அப்படியானால் சாய்வு மைனஸாகத்தான் இருக்க வேண்டும். இருக்கிறது. நல்லது.

இப்போது (−3, 5)ஐ வைத்து எழுதலாம்.

ஒய் − 5 = (−6/7) (எக்ஸ் − (−3))
ஒய் − 5 = (−6/7) (எக்ஸ் + 3)

இந்த இடத்தில் பின்னத்தை உள்ளே பெருக்கிக்கொண்டு போகாதீர்கள், −18/7, 35/7 என்று எழுதித் தடுமாறுவீர்கள். முதலில் இரண்டு பக்கத்தையும் 7ஆல் பெருக்கிவிடுங்கள்.

7 (ஒய் − 5) = −6 (எக்ஸ் + 3)
7ஒய் − 35 = −6எக்ஸ் − 18
6எக்ஸ் + 7ஒய் − 17 = 0

(4, −1)ஐப் போட்டுப் பார்த்தால் 24 − 7 − 17 = 0. சரியாக வருகிறது. பெருக்கும்போது 7ஐ 5க்கும் சேர்த்துப் பெருக்கினோம் என்பதைக் கவனியுங்கள். 7ஒய் − 5 என்று விட்டுவிடுவது மிகச் சகஜமான தவறு, அதனால்தான் அடைப்புக்குறியோடு ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்கிறேன். காகிதம் வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம்.

இன்னொரு பாதையும் உண்டு. ஒய் = எம் எக்ஸ் + சி என்று எழுதிவிட்டு, எம் இடத்தில் சாய்வைப் போட்டு, ஒரு புள்ளியைப் பிரதியிட்டு சியைக் கண்டுபிடிப்பது. முதல் கணக்கில் 3 = 2 × 2 + சி, ஆகவே சி = −1. சாய்வு முழு எண்ணாக வந்தால் இந்தப் பாதை வேகமானது. பின்னமாக வந்தால் மேலே சொன்ன பாதையே நல்லது என்பது என் கருத்து. இந்த சிக்கு வெட்டுத்துண்டு என்று பெயர், கோடு ஒய் அச்சை எங்கே வெட்டுகிறது என்று சொல்கிறது.

புத்தகத்தில் உள்ள இரு புள்ளி வடிவம் என்ன ஆயிற்று என்றால், நாம் செய்ததேதான் அது. (எக்ஸ், ஒய்)க்கும் முதல் புள்ளிக்கும் இடையிலுள்ள சாய்வும் இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள சாய்வும் சமம் என்பதை எழுதி, ஒய் எல்லாம் ஒரு பக்கம், எக்ஸ் எல்லாம் ஒரு பக்கம் என்று மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டபிறகு அந்தச் சூத்திரத்தைப் பாருங்கள், மறக்கவே மறக்காது. தேர்வில் அந்த வடிவத்தைப் பயன்படுத்தி எழுது என்று குறிப்பிட்டுக் கேட்டால் அதை எழுதுங்கள், கேட்காவிட்டால் எந்த வழியில் போனாலும் சமன்பாடு ஒன்றுதான்.

விடையை ஒப்பிடும்போது ஒரு குழப்பம் வரும். உங்கள் விடை −6எக்ஸ் − 7ஒய் + 17 = 0 என்று இருக்கும், பின்பக்கத்தில் 6எக்ஸ் + 7ஒய் − 17 = 0 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், முழுவதையும் −1ஆல் பெருக்கியிருக்கிறார்கள். 12எக்ஸ் + 14ஒய் − 34 = 0 என்றாலும் அதே கோடுதான், ஆனால் பொதுக் காரணியை எடுத்துச் சுருக்கி எழுதுவது நல்ல பழக்கம்.

சாய்வே கண்டுபிடிக்க முடியாத நிலை ஒன்று உண்டு. (5, −2), (5, 11) என்று கொடுத்தால் எக்ஸ் நகரவே இல்லை, கீழே பூஜ்ஜியம் வருகிறது, பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது. இங்கே சாய்வு பூஜ்ஜியம் என்று எழுதிவிடாதீர்கள், சாய்வு வரையறுக்கப்படவில்லை. கோடு செங்குத்தாக நிற்கிறது, அதன் மேல் எந்தப் புள்ளியிலும் எக்ஸ் 5தான், எனவே சமன்பாடு எக்ஸ் = 5. மாறாக (−2, 4), (7, 4) என்றால் ஒய் நகரவில்லை, சாய்வு பூஜ்ஜியம், சமன்பாடு ஒய் = 4. அதனால் கணக்கை ஆரம்பிக்கும்முன் எக்ஸ் இரண்டும் ஒன்றா, ஒய் இரண்டும் ஒன்றா என்று கண்ணை ஓட்டிவிடுங்கள்.

தேர்வில் இரண்டு புள்ளியை நேராகக் கொடுக்காமல் ஒளித்துவைத்தும் கேட்பார்கள். முக்கோணத்தின் நடுக்கோடு கேட்பது அப்படி ஒன்று. முனைகள் (1, 6), (−3, −2), (7, 4), முதல் முனையிலிருந்து வரையும் நடுக்கோட்டின் சமன்பாடு என்ன? நடுக்கோடு எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குத்தான் போகும். (−3, −2), (7, 4) இரண்டின் நடுப்புள்ளி (2, 1). அப்புறம் (1, 6), (2, 1) என்று நமக்குப் பழகிய கணக்கு வந்துவிட்டது. சாய்வு −5, ஒய் − 6 = −5 (எக்ஸ் − 1), ஆகவே ஒய் = −5எக்ஸ் + 11. சரிபார்க்க (2, 1): −10 + 11 = 1. குத்துக்கோடு கேட்டால் இது வேலைக்கு ஆகாது, அங்கே எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தான சாய்வு வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு வருத்தப்படுகிறவர்கள் நிறைய, கேள்வியில் அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் தேர்வுக்கு மட்டும்தானா என்று ஒரு பிள்ளை கேட்டபோது நான் காய்ச்சல் கணக்கைச் சொன்னேன். தண்ணீர் உறைவது 0 டிகிரி செல்சியஸ், அது 32 ஃபாரன்ஹீட். கொதிப்பது 100 செல்சியஸ், அது 212 ஃபாரன்ஹீட். இரண்டு அளவுகளும் ஒரே சீராக ஏறுவதால் இது நேர்க்கோடு, புள்ளிகள் (0, 32), (100, 212). சாய்வு 180/100, அதாவது 9/5. வெட்டுத்துண்டு 32, ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஒய் = (9/5) எக்ஸ் + 32. அறிவியல் புத்தகத்தில் மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரத்தை இரண்டு புள்ளியிலிருந்து நாமே எடுத்துவிட்டோம். 37 போட்டால் 98.6, மருத்துவர் சொல்கிற எண். எக்ஸும் ஒய்யும் எங்கே சமமாகும் என்று பார்த்தால் −40 வரும், அந்த வெப்பநிலையில் இரண்டு அளவுகோலும் ஒரே எண்ணைக் காட்டும்.

ஆட்டோ மீட்டரிலும் இது இருக்கிறது. 2013இல் சென்னைக்கு அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்த முறைப்படி 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், 5.8 கிலோமீட்டருக்கு 73 ரூபாய். இந்த இரண்டு ரசீதுகள் மட்டும் கையில் இருந்தால்கூடக் கட்டண விகிதத்தைக் கண்டுபிடித்துவிடலாம்: 48/4 = 12. சமன்பாடு ஒய் = 12எக்ஸ் + 3.4. இங்கே 3.4 ரூபாய் என்றால் என்ன, ஆட்டோவில் ஏறாமலே 3 ரூபாய் 40 காசு கொடுக்க வேண்டுமா? இல்லை. இந்தக் கோடு 1.8 கிலோமீட்டரில்தான் தொடங்குகிறது, அதற்கு முன்னால் கட்டணம் 25லேயே படுத்துக்கிடக்கிறது. கோட்டைப் பின்னால் நீட்டினால் அச்சை 3.4இல் வெட்டும், ஆனால் அந்த இடத்தில் கோடு உண்மையில் இல்லை. சமன்பாடு எழுதியதும் எக்ஸ் எந்த எல்லைக்குள் இருந்தால் அது செல்லும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஊட்டி ரயிலுக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். இரண்டு ஸ்டேஷனை வைத்து ஒய் = 0.041எக்ஸ் + 326 என்று தாராளமாக எழுதலாம், எக்ஸ் மீட்டரில். ஆனால் வழியில் ஒரு இடத்தின் உயரத்தை இதிலிருந்து கணித்தால் ஏமாந்துபோவீர்கள். கல்லாறு வரை ஏற்றம் மிதம், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் வரை ஏறுகிறது, அதனால்தான் அங்கே பல் வைத்த தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ரயில் போகிறது. எந்த இரண்டு புள்ளி கொடுத்தாலும் ஒரு நேர்க்கோடு கிடைத்துவிடும், நடுவில் இருப்பதும் நேராகத்தான் போகிறதா என்பதை அந்த இரண்டு புள்ளிகளால் சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு புள்ளி எடுத்துப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நேரம் குறைவாக இருக்கும்போது பின்னமே வராமல் எழுத ஒரு குறுக்குவழி, மேலே சொன்னது கைக்கு வந்த பிறகு மட்டும் இதற்கு வாருங்கள். (−3, 5), (4, −1) இரண்டிலும் ஏற்றம் −6, ஓட்டம் 7. ஏற்றத்தை எக்ஸுக்கு முன்னால் போடுங்கள், ஓட்டத்தைக் குறி மாற்றி ஒய்க்கு முன்னால் போடுங்கள்: −6எக்ஸ் − 7ஒய். இதில் ஏதாவது ஒரு புள்ளியைப் போட்டு என்ன வருகிறது என்று பாருங்கள், (−3, 5) போட்டால் 18 − 35 = −17. எனவே −6எக்ஸ் − 7ஒய் = −17, குறியை மாற்றினால் 6எக்ஸ் + 7ஒய் − 17 = 0. அதே விடை. செங்குத்துக் கோட்டுக்கும் இது வேலை செய்யும் என்பது கூடுதல் வசதி: (5, −2), (5, 11)க்கு ஏற்றம் 13, ஓட்டம் 0, எனவே 13எக்ஸ் = 65, எக்ஸ் = 5.

கையைப் பழக்க மூன்று ஜோடிகள் தருகிறேன், விடையைப் பார்க்காமல் போட்டுவிட்டு இரண்டாவது புள்ளியை வைத்து நீங்களே சரிபாருங்கள். (−4, −7), (2, 5) முதலாவது. (3, 8), (−6, 2) இரண்டாவது, இதில் சாய்வின் மேலும் கீழும் மைனஸ் வரும், கவனம். (1/2, 3), (2, 0) மூன்றாவது, பின்னத்தைப் பார்த்து ஒதுங்க வேண்டாம், ஓட்டம் 3/2, ஏற்றம் −3, வகுத்தால் முழு எண்தான் வருகிறது. விடைகள் வரிசையாக: ஒய் = 2எக்ஸ் + 1; 2எக்ஸ் − 3ஒய் + 18 = 0; ஒய் = −2எக்ஸ் + 4.